பெயர் மாற்றப்பட்டுள்ளது

மதுரை,
10 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

சிறைக்கு மனுப் பார்க்க வந்தபோது நீ சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களும் அந்தப் பக்கம் நிற்கிறவர்களும் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்குத்தான் கேட்கும்? அம்மா அழுததோடு நேரம் முடிந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார்களாம். வக்கீல் சோலை அண்ணன் தன் கையிலேயே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார். நீயும் அவரிடமே கொடுத்தனுப்பு.

இந்த முறையும் ஜாமீன் இல்லை. உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ கேட்டாயாம். வடக்குத் தெருவின் முளைப்பாரி நம் தெரு வழியாக வந்தபோது ரேடியோ செட்டை நிறுத்தச் சொல்லித் தகராறு வந்தது, கல்லெறி நடந்தது, அந்தக் கலவரத்தில் நீ கையில் வைத்திருந்த இரும்புக் கம்பியால் வடக்குத் தெருக் கருப்புவை நெஞ்சில் அடித்துக் கொன்றாய். இதுதான் எழுதியிருக்கிறது. நீ எலக்ட்ரீசியன் என்பதும், டிரான்ஸ்பார்மரில் லைனை நிறுத்தத்தான் அந்தக் கம்பியோடு ஓடினாய் என்பதும் அதில் எங்கேயும் இல்லை. மற்ற ஏழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக மறியல் செய்த பழைய வழக்கு உன் பேரில் இருப்பதால் நீதான் முதல் குற்றவாளியாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேராசிரியர் அசோக்குமாரைப் போய்ப் பார்த்தேன். பிஎச்.டி.யை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். நூறு நாள் வேலையில் ஒரே வரப்பில் உட்கார்ந்து பேசிச் சிரிக்கிற இரண்டு தெருப் பெண்களும் ஊருக்குள் வந்ததும் ஏன் முகம் பார்ப்பதில்லை என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இனி எந்த முகத்தோடு வடக்குத் தெருவுக்குள் போய்க் கேட்பது?

அவர் டீ வரவழைத்தார். "இப்ப விட்டா எப்படிம்மா? நீங்க எதை எழுதிக்கிட்டு இருந்தீங்களோ அது இப்பக் கண்ணு முன்னாடி நடந்திருக்கு. இதை விட நல்ல கேஸ் கிடைக்குமா?" என்றார். ஒரு கணம் உன் வழக்கைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை அண்ணே. அவருக்கு அது அப்படித்தான் தெரிகிறது. எனக்கும் ஒரு வருடம் முன்பு வேறு ஊரில் நடந்திருந்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்.

பவதாரிணி

~

சிறை,
2 அக்டோபர் 2023

பாப்பாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் லெட்டர் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்.

அப்பாவை வயலுக்குத் தனியாக அனுப்பாதே. அம்மாவை வாராவாரம் கூட்டி வராதே, அது வந்து அழுதுவிட்டுப் போனால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. என் பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிற டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் சிவபாண்டி கேட்டால் கொடு. அவன் பாதியில் நிற்கிற பள்ளிக்கூட வேலையை முடிக்கட்டும்.

படிப்பை விடாதே. ஏன் விட வேண்டும்? கருப்பு செத்ததற்கு நான் உள்ளே கிடப்பது போதும், நீயும் சேர்ந்து கிடக்க வேண்டாம். ஆனால் வடக்குத் தெருவுக்கு மட்டும் போகாதே. செத்தவனின் அண்ணன் நல்லகாமன் சும்மா இருக்க மாட்டான். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இங்கே இருந்து என்ன செய்ய முடியும்? சுவரில் முட்டிக்கொள்ளத்தான் முடியும்.

நல்ல கேஸ் என்று சொன்ன உன் சாரைக் கேட்டதாகச் சொல். இந்தக் கேசு வேணும்னா அவரை வந்து ஒரு வாரம் எடுத்துக்கச் சொல்லு.

அருண்பாண்டி

~

மதுரை,
28 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

நான் வடக்குத் தெருவுக்குப் போகவில்லை. அவர்களில் ஒருத்திதான் என்னைத் தேடி வந்தாள். மாயக்காள். கருப்புவின் மனைவி. என் ஆய்வுக்காக ஆரம்பத்திலிருந்தே பேசி வந்த பெண்களில் அவளும் ஒருத்தி. கலவரத்துக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை. யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் வரச் சொன்னாள். அவளுடைய மகள் மீனாவுக்கு அம்மை இறங்கியதற்காகக் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சரவணப் பொய்கைப் படியில் உட்கார்ந்தோம். மீனாவைப் பொரி வாங்கி மீனுக்குப் போடச் சொல்லி அனுப்பினாள். பிறகு என்னிடம், "மிசினைப் போடு பிள்ள" என்றாள். அதுவரை நான் பதிவுக் கருவியை எடுக்கவே இல்லை. அவளாகக் கேட்ட பிறகுதான் போட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூத்தார் என்று அவள் சொல்வது நல்லகாமனை.

"எம் புருசனை உங்கண்ணன் அடிக்கல. கல்லு விழுகுதுன்னு இவரு டிராக்டருக்குப் பின்னால போயிக் குனிஞ்சு நின்னாரு. ஜெனரேட்டரு வச்ச டிராக்டரு. மூத்தாரு பதட்டத்துல அதை ரிவர்சு எடுத்துட்டாரு. சொவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல இவரு. நான் கத்துனேன். கொட்டுச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? தூக்கிப் பாக்கையில மூச்சு இல்ல. மூத்தாருதான் அழுதுக்கிட்டே சொன்னாரு, அந்தத் தெருக்காரய்ங்க அடிச்சுட்டாய்ங்கன்னு. நானும் தலையை ஆட்டிட்டேன்."

ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்கயாச்சும் ஒரு எடத்துல இது இருக்கணும்ல? உன் படிப்புல எழுதிக்க. பேரை மாத்தித்தான எழுதுவ? ஆனா கோர்ட்டுக்குக் கேக்காத. கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டை விட்டா எனக்கும் இவளுக்கும் போக்கிடம் இல்ல" என்றாள்.

அண்ணே, அவள் சத்தியம் கேட்கவில்லை. நானாகத்தான் கையில் அடித்துக் கொடுத்தேன். பெயர் வராது, வெளியே போகாது என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லித்தான் பேச ஆரம்பிப்பேன். பழகிய வாய். தானாகச் சொல்லிவிட்டது.

நீ செய்யவில்லை என்று தெரிந்த ஒரு ஆள் அந்தத் தெருவில் இருக்கிறாள். அது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். எழுதியது சரிதானா என்று இப்போதே சந்தேகமாக இருக்கிறது.

பவா

~

சிறை,
11 பிப்ரவரி 2024

பாப்பா,

உன் லெட்டரைக் கிழிக்கவில்லை. கிழிக்க முடியவில்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

முதல் தடவை படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னப்பா விடுதலையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருப்பேன், வாய் வரை வந்துவிட்டது. இம்புட்டு நாளும் எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது பாப்பா. இருட்டும் நேரம், கூட்டம், கையில் கம்பி. ஓடும்போது தெரியாமல் எவன் மேலாவது பட்டிருக்குமோ, அதில்தான் அந்த ஆள் செத்தானோ என்று. யாரிடமும் சொன்னதில்லை. அந்தம்மா என் தலையில் இருந்து ஒரு மலையை இறக்கிவிட்டது.

அந்த மிசினை நாளைக்கே சோலை அண்ணனிடம் கொடு. வேறு ஒன்றும் யோசிக்காதே.

அந்தம்மாவுக்கு என்ன கஷ்டம் வந்தாலும் நாம் பார்த்துக்கொள்வோம். நான் வெளியே வந்து பார்த்துக்கொள்கிறேன். அவள் பெயரை வெளியே விடக் கூடாது என்று நீ மறுபடியும் எழுதாதே. நீ அவுகளுக்குப் பேரை மாத்தி எழுதுவ. என் பேரை எவன் மாத்துவான்? கேஸ் கட்டுல மொத ஆளா அருண்பாண்டி, தகப்பன் பேரு ஆண்டிச்சாமின்னு எழுதி வச்சிருக்காய்ங்க.

கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. போதும்.

அருண்பாண்டி

~

மதுரை,
9 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கொடுக்கவில்லை.

சோலை அண்ணனிடம், ஒருவர் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்வோம் என்று ஆள் யாரென்று சொல்லாமல் கேட்டேன். பேச்சைப் பதிந்து வைத்திருப்பது மட்டும் போதாது, பேசியவர் கூண்டில் ஏறி ஆமாம் நான்தான் சொன்னேன், நடந்ததும் அதுதான் என்று சொல்ல வேண்டும் என்றார். அவள் சொல்ல மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டாள். அப்புறம் எதற்குக் கொடுப்பது? உனக்கும் உதவாது, அவளும் தெருவில் நிற்பாள். தெருவில் நிற்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. தம்பி பெண்டாட்டி தன்னைக் காட்டிக் கொடுக்க ஒரு நாள் வாய் திறந்தாள் என்று தெரிந்தால் நல்லகாமன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

நீ வெளியே வந்து பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். நம் தெரு ஆள் வடக்குத் தெரு விதவையைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? அதற்கு ஒரு புதுக் கலவரம் வரும்.

என் ஆய்வுக்காகத்தான் மறைக்கிறேன் என்று நீ நினைப்பாய். இல்லை என்று முழுதாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதிய அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். மாயக்காள் என்ற பெயர் அதில் இல்லை, ஊரும் இல்லை. "நீங்க எழுதினதுலயே இதுதான் உண்மையான அத்தியாயம்" என்றார். சந்தோஷப்பட்டேன் அண்ணே. படி இறங்கி வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். கீழே வந்த பிறகுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய்.

இதற்கு மேல் என்ன எழுதுவது?

பவா

~

சிறை,
20 மார்ச் 2024

பவதாரிணிக்கு,

இனிமேல் மனுப் பார்க்க வர வேண்டாம். வந்தால் நான் வெளியே வர மாட்டேன். அம்மாவிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்.

உன் அத்தியாயம் நன்றாக வரட்டும்.

அருண்பாண்டி

~

மதுரை,
14 ஆகஸ்ட் 2024

அண்ணே,

ஒவ்வொரு முறையும் வந்தோம். நீ வரவில்லை. வாசலில் இருக்கிற வேப்பமரத்தடியில் அம்மா உட்கார்ந்துகொண்டு, "காச்சலு இம்புட்டு நாளா இருக்குமா?" என்று என்னைக் கேட்கும். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நீதான் சோலை அண்ணன் மூலம் அவருக்கு ஏதோ சொல்லியனுப்பினாய் என்று நினைக்கிறேன். நான் சோறு வைத்தால் சாப்பிடுவார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

நூறு நாள் வேலை மறுபடி ஆரம்பித்தது. கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டுகிற வேலை. அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன். வடக்குத் தெருப் பெண்கள் ஒரு பக்கம், நம் தெருப் பெண்கள் ஒரு பக்கம். நடுவில் யாரும் இல்லை. நம் தெருப் பெண்களும் அம்மாவுக்குப் பக்கத்தில் வரவில்லை. உன்னால்தான் தங்கள் பிள்ளைகளும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள் என்று கோபம். அம்மா தனியாகக் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து கஞ்சி குடித்தது. நான் எதைப் பற்றி எழுதப் புறப்பட்டேனோ அது அந்தக் கரையில் இல்லை. இனி வரவும் வராது.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா கேட்டது, "நீ எழுதுறியே, அதை யாரு படிப்பா?"

நான் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "சாரு படிப்பாரு. வெளியூர்ல ரெண்டு பேருக்கு அனுப்புவாங்க, அவங்க படிப்பாங்க."

"மூணு பேரு படிக்கவா அவன் உள்ள கெடக்கான்?"

அம்மாவுக்கு மாயக்காளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பொதுவாகத்தான் கேட்டது. ஆனால் அதற்குப் பிறகு என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

மறுநாள் மாயக்காள் தனியாக மாடு பிடித்துக்கொண்டு போகும்போது வழிமறித்தேன். காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "உங்கண்ணன் என்னைக்கா இருந்தாலும் உசுரோட வருவாரு. எம் மக என்ன ஆவா? நீ படிச்ச பிள்ளைதான, நீயே சொல்லு" என்றாள். நான் வழியை விடாமல் நின்றேன். "கேக்க மாட்டேன்னு கையில அடிச்சுக் குடுத்தியே" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று சோலை அண்ணனிடம் பதிவைக் கொடுத்துவிட்டேன். நீ கேட்ட வரி இதுதான். கொடுத்துவிட்டேன்.

உனக்காகக் கொடுத்தேன், அம்மாவுக்காகக் கொடுத்தேன் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போன மாதிரியேதான் கண்ணில் நிற்கிறாள். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டி வருகிறேன். வெளியே வா.

பவா

~

சிறை,
8 டிசம்பர் 2024

பாப்பாவுக்கு,

நீயும் சாட்சி என்பதால் உன்னைக் கோர்ட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. சோலை அண்ணன் சட்டப்படி சொல்லியிருப்பார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தம்மா கூண்டில் ஏறியது. சோலை அண்ணன் பதிவைப் போட்டுக் காட்டினார். கோர்ட்டு முழுக்க அந்தம்மாவின் குரல். நடுவில் பொரிக்காரன் சத்தமும், ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தமும்கூடக் கேட்டது. அவர், "இது உங்க குரலாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லும் என்று நினைத்தேன்.

"என் குரலுதான்."

முடிந்தது, வீட்டுக்குப் போகிறோம் என்றே நினைத்தேன்.

"இதில நீங்க சொன்னது உண்மையா?"

அந்தம்மா கடைசி வரிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு சொன்னது. "அந்தப் பிள்ள படிப்புக்குன்னு கதை கேட்டுக்கிட்டுத் திரியும்யா. அண்ணன் உள்ள இருக்கான்னு வந்து அழுதுச்சு. பாவமா இருந்துச்சு. அதுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கதை சொன்னேன்."

ஜட்ஜ் தலை நிமிர்ந்து பார்த்தார். "கதையா?" என்றார். "கதைதாங்கய்யா" என்றது.

எழுதிக்கொண்டார்கள்.

நல்லகாமன் கடைசி வரிசைக்குப் பின்னால் மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பள்ளிக்கூட யூனிபார்மோடு கூட்டி வந்திருந்தான். அம்புட்டுத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, முறைக்கவும் இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்திருந்தான்.

அந்தம்மா இறங்கிப் போகும்போது என்னைப் பார்த்தது. எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் நம்ம அம்மா நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

அதற்குப் பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் உன்னைக் கேட்டதெல்லாம் நான் கேட்டேன். பேர் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான பேச வச்சே, அதையே மீறின ஆளு இங்க மட்டும் உண்மை பேசுவியான்னு கேட்டாரே, அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுக்கு மன்னிச்சுக்க.

கொடுக்க மாட்டேன் என்று நீ முதலில் எழுதியது சரி என்றும் இப்போது எழுத மாட்டேன், தப்பு என்றும் எழுத மாட்டேன். கேட்டது நான். அது மட்டும் தெரியும்.

அருண்பாண்டி

~

மதுரை,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தீர்ப்பு சொன்ன அன்று உன் பக்கத்தில் வர விடவில்லை. ஆயுள் என்றதும் அம்மா என்னிடம், "எம்புட்டு வருசம்?" என்று கேட்டது. அப்பாதான் சொன்னார். ரொம்ப மாதங்களுக்குப் பிறகு அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். மேல்முறையீட்டுக்குச் சோலை அண்ணன் தாள்களைத் தயார் செய்கிறார். எப்போது விசாரணைக்கு வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

என் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நல்லகாமன் ஆட்கள் பல்கலைக்கழகத்துக்குப் புகார் அனுப்பியிருந்தார்கள். ஒரு குழு போட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காக்கவில்லை, சொந்த வழக்குக்கு ஆய்வைப் பயன்படுத்தினார் என்று என் பிஎச்.டி. பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அசோக்குமார் சார் அந்த அறையில் இருந்தார். வெளியே வந்து, "நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. நீங்க அந்தம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உடைச்சுட்டீங்க" என்றார். அண்ணே, அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கிற டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். மற்றவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் வழிகாட்டிக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி என்று அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நிற்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டுப் பேரையூரில் திருமங்கலம் பஸ்ஸில் ஏறினேன். ஒரே ஒரு இடம்தான் காலி. பக்கத்தில் மாயக்காள். நின்றுகொண்டே வந்திருக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மீனாவை நல்லகாமன் எங்கோ ஹாஸ்டலில் சேர்த்துவிட்டாராம். அவர் சொல்லுகிற நாளில்தான் போய்ப் பார்க்க முடியும். நன்றாகப் படிக்க வைக்கிறார் என்று ஊரில் பேச்சு. அம்மா தன் பேச்சை மீறாமல் இருக்க மகளை எடுத்து வைத்திருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். அன்று மாயக்காள் மகளைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். மடியில் முறுக்குப் பொட்டலம்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவளே கேட்டாள்.

"எழுதி முடிச்சிட்டியா?"

"இல்லக்கா. என்னைய எடுத்துட்டாங்க."

"அப்ப நான் சொன்னது?"

"அது இல்லக்கா. அந்த அத்தியாயமே இல்ல."

"எங்கயும் இல்லயா?"

"இல்லக்கா."

அவள் வெளியே பார்த்தாள். கோர்ட்டில் கதை என்று எழுதிவிட்டார்கள். என் ஆய்வும் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கல்லுப்பட்டி வந்ததும் எழுந்தாள். எழுந்தவள் என்னைத் தாண்டாமல் நின்று கேட்டாள்.

"எனக்கு என்ன பேரு வச்சிருந்த?"

"பாண்டீஸ்வரி."

ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள்.

உன்னை வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றப் போவதாகச் சொல்கிறார்கள். போன இடத்திலிருந்து எழுது.

பவா

~

சிறை,
6 ஜூலை 2025

பாப்பாவுக்கு,

ஊர் மாற்றிவிட்டார்கள். இங்கே சோலை அண்ணன் அடிக்கடி வர முடியாது. அதனால் தபாலில்தான் போடுகிறேன். படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். படிக்கட்டும்.

அம்மாவை இம்புட்டு தூரம் கூட்டி வர வேண்டாம். பஸ்ஸில் அதற்கு மயக்கம் வரும். அப்பாவுக்கு என் செருப்பு சரியாக இருந்தால் போட்டுக்கொள்ளச் சொல். இங்கே என்னைக் கரண்டு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஃபேன் பழுது பார்க்கிறேன். ஒரு பிளாக் முடித்தால் அடுத்தது பழுதாகிவிடும். வேலைக்குக் குறைவில்லை.

மேல்முறையீடு பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ நம்பிக்கை வைத்து எழுதவில்லை என்று தெரிகிறது. பரவாயில்லை. நானும் வைக்கவில்லை.

பக்கத்துப் பாயில் காளை என்று ஒருத்தர் இருக்கிறார். வயசானவர். நான் உள்ளே வருவதற்கு ரொம்ப காலம் முன்பே வந்தவர். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேலை இல்லை. வீட்டில் யார் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். தங்கச்சி என்ன செய்கிறது என்று கேட்டார். டைப்பிங் கடை என்று சொல்ல வந்தேன். டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கிட்டு இருக்குண்ணே என்று சொல்லிவிட்டேன். நீ கோபப்படாதே.

"எதைப் பத்தி எழுதுது?" என்றார்.

"எங்க ஊர்ல ரெண்டு தெருப் பொம்பளைகளைப் பத்தி."

"அதுல எழுத என்னப்பா இருக்கு?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். கண்மாய்க் கரையில் இரண்டு தெருவும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்ததிலிருந்து ஆரம்பித்தேன். முளைப்பாரி, ரேடியோ செட்டு, டிராக்டர், பொய்கைப் படி, எல்லாம் சொன்னேன். அவர் பாதியிலேயே தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை பாப்பா. கடைசி வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அந்தம்மா பேரை மட்டும் மாத்தித்தான் சொன்னேன்.

அருண்பாண்டி